பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

"துரு என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் "ஹைட்ரேட்டட் ஃபெரிக் ஆக்ஸைடு சார்!" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் அரிமானம் என்று ஒரு பாடமே இருக்கிறது. படித்தோம், எழுதினோம், மறந்தோம். நானும் அப்படித்தான். லீவில் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பவுடர் கோட்டிங் பட்டறைக்கு ட்ரெய்னிங் போன பிறகுதான், அந்தப் பாடத்தில் ஒரு குடும்பத்தின் மானமே மாட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது. இவன் ரொம்பத்தான் அளக்கிறான் என்று நினைக்கிறீர்களா? கேளுங்கள்.

நான் சேர்ந்து இரண்டாவது வாரம். காலை பத்து மணி இருக்கும். ஒரு குட்டியானை வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு ஸ்டீல் பீரோ. கூடவே வேட்டி கட்டிய ஒரு பெரியவர். இறங்கியவர் சத்தமே போடவில்லை; அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "பொண்ணுக்குச் சீரு குடுத்த பீரோ தம்பி இது. இன்னும் ஆறு மாசம் ஆகல. பழைய பீரோவுக்குப் பெயிண்டு அடிச்சுக் குடுத்துட்டீகளான்னு சம்பந்தி வீட்ல கேக்குறாக. புள்ள போன்ல அழுகுது" என்றார். பீரோ செய்தவர், "பெயிண்டு என் வேலை இல்லை" என்று எங்கள் பட்டறைக்குக் கைகாட்டிவிட்டாராம்.

கதவின் கீழ்ப்பகுதியில், தகட்டை மடக்கியிருக்கும் ஓரம் முழுக்க, வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். நகத்தால் நிமிண்டினேன். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே பழுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர்! மேலே பளபளவென்று பெயிண்ட், நடுவில் தண்ணீர், அடியில் துரு. பெயிண்டில் ஓட்டை எதுவும் இல்லையே, தண்ணீர் எப்படி உள்ளே போனது?

பட்டறையில் அன்றைக்குப் பெரிய பஞ்சாயத்து. முதலாளி, பவுடர் சரியில்லை என்றார். பவுடர் சப்ளை செய்பவரோ, ஓவனில் சூடு பத்தவில்லை என்றார். ஓவன் பார்க்கும் பையன், தகடே மட்டம் என்றான். ஒருவர் மட்டும் எதுவும் பேசாமல், உரிந்த பெயிண்டின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு தொட்டிகளையும் பார்த்துக்கொள்பவர் அவர். எல்லாரும் 'டேங்க் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசியில் சொன்னார்: "பெயிண்டத் திட்டாதீக. தப்பு தண்ணியில இருக்கு."

அவர் சொன்னது எனக்கு அன்று புரியவில்லை. புரிந்துகொள்ள நாலைந்து நாள் ஆனது. அதைத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன்.

முதலில், நாம் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தப்பு. பெயிண்ட் என்பது மழைக்கோட்டு மாதிரி, தண்ணீரை உள்ளே விடாது என்று நினைக்கிறோம். விடும்! எந்த பெயிண்ட் படலமும் கொஞ்சம் கொஞ்சமாக நீராவியையும் ஆக்ஸிஜனையும் உள்ளே விட்டுக்கொண்டுதான் இருக்கும். பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் தடிமன்; அதுவும் விடும். அப்படியானால் பீரோக்கள் ஏன் இருபது வருஷம் நிற்கின்றன? பெயிண்ட் தகட்டோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வரை, உள்ளே போகிற ஈரம் சேர்ந்து நிற்க இடம் கிடைப்பதில்லை. ஈரம் சொட்டாகச் சேர்ந்தால்தான் துரு தொழில் தொடங்க முடியும்.

அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று நம் லேபிலேயே பார்க்கலாம். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் கொஞ்சம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, கொஞ்சம் ஃபினாப்தலீன். சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலம், ஓரத்தைச் சுற்றி ரோஸ் கலர். ஓரத்தில் காற்றில் இருந்து ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கிறது, அது கேதோடு. நடுவில் ஆக்ஸிஜன் குறைவு. அது ஆனோடு, அங்கேதான் இரும்பு கரைகிறது. ஒரே தகடு, ஒரே சொட்டு, அதற்குள் ஒரு குட்டி பேட்டரி! கேம்பிரிட்ஜில் யு.ஆர். இவான்ஸ் என்பவர் விளக்கிய சோதனை இது. ஒரு விஷயம் கவனியுங்கள்: உப்பு இல்லாத சுத்தத் தண்ணீரில் இந்த பேட்டரி மந்தமாகத்தான் ஓடும். உப்பு சேர்ந்தால் கரண்ட் கடத்துவது எளிதாகிவிடும். பிறகு கேட்கவே வேண்டாம்.

சரி, அந்த ஏழு தொட்டிகளுக்கு வருவோம். பவுடர் கோட்டிங் தொழிலில் 'செவன் டேங்க் ப்ராஸஸ்' என்றால் தெரியாதவர் கிடையாது. எண்ணெய் எடுக்க ஒன்று, அலச ஒன்று, துரு எடுக்க ஆசிட் ஒன்று, மறுபடி அலச ஒன்று, பாஸ்பேட்டிங் ஒன்று, மறுபடி அலச ஒன்று, கடைசியாக பாஸிவேஷன். வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு ஏதோ பெரிய சலவைத்துறை மாதிரி இருக்கும். எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க மீட்டர் எதுவும் தேவையில்லை. தகட்டைத் தண்ணீரில் முக்கித் தூக்க வேண்டும்; தண்ணீர் கண்ணாடி மாதிரி ஒரே சீராகப் படர்ந்து நின்றால் சுத்தம். தாமரை இலையில் போல முத்து முத்தாகப் பிரிந்தால் திரும்பவும் முதல் டேங்கிற்கே போ! வாட்டர் பிரேக் டெஸ்ட் என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதுதான்.

இதில் அழகான டேங்க் ஐந்தாவது. உள்ளே பாஸ்பாரிக் ஆசிட், அதில் கரைந்த ஜிங்க் பாஸ்பேட். தகடு உள்ளே போனதும் ஆசிட் இரும்பைக் கடிக்கிறது; ஹைட்ரஜன் குமிழ் வருகிறது. கடிக்கக் கடிக்க, தகட்டை ஒட்டிய மயிரிழை அளவு கரைசலில் மட்டும் ஆசிட் தீர்ந்துபோகிறது. ஆசிட் குறைந்த இடத்தில் ஜிங்க் பாஸ்பேட் கரைந்து நிற்க முடியாது. அப்படியே தகட்டின் மேலேயே படிகமாக உட்கார்ந்துவிடுகிறது. ஆக, தகட்டை அரிக்க வந்த ஆசிட்தான் தகட்டுக்குச் சட்டையும் தைத்துக் கொடுக்கிறது! ஹைட்ரஜன் குமிழ்கள் தகட்டில் ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் இருக்க சோடியம் நைட்ரைட் சேர்ப்பார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் 'டோனர்'. கரைந்த இரும்பையும் அது ஃபெரிக் ஆக்கி, சேறாக அடியில் இறக்கிவிடும்.

வெளியே வரும் தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். பார்க்க ஒன்றுமே இல்லை. சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான் எடை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஊசியும் தகடுமாக அடர்ந்த படிகக் காடு. பெயிண்ட் உருகி அந்த இடுக்குகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. வழவழ சிமெண்ட் தரையில் பூச்சு நிற்காது, கொத்திவிட்டுப் பூசினால் நிற்கும் என்று கொத்தனார் சொல்வாரே, அதே சங்கதி. போதாக்குறைக்கு இந்தப் படிகங்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை. எங்காவது கீறல் விழுந்து துரு பிடித்தாலும், பெயிண்டுக்கு அடியில் அது பரவுவதைத் தடுக்கும். இரும்புக்கு பாஸ்பேட் பூச்சு போடும் முறைக்கு 1906ல் இங்கிலாந்தில் கோஸ்லெட் என்பவர் காப்புரிமை வாங்கினார். ஆனால் டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷமாக வெட்டவெளியில் நிற்கிறதே, அதன் மேலும் ஒரு மெல்லிய பாஸ்பேட் படலம் இருப்பதாகக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து சொன்னார். அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். தூண் தன் சட்டையைத் தானே தைத்துக்கொண்டது.

இப்போது டேங்க் அண்ணன் சொன்ன தண்ணீர். நானும் அவரும் ஆறாவது டேங்க் தண்ணீரை ஒரு டெஸ்ட் டியூபில் பிடித்தோம். அதை அடுத்த நாள் நம் காலேஜ் லேபுக்கு எடுத்து வந்தேன். சால்ட் அனாலிஸிஸில் செய்வோமே, நீர்த்த நைட்ரிக் ஆசிட் விட்டு சில்வர் நைட்ரேட் சேர்ப்பது, அதைச் செய்தேன். தயிர் மாதிரி வெள்ளையாகத் திரண்டுவிட்டது! குளோரைடு. பட்டறை போர்த் தண்ணீரே உப்பு. அதோடு மூன்றாவது டேங்கின் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒவ்வொரு தகட்டோடும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர் வண்டிக்குக் காசு என்று அலசும் தண்ணீரை வாரக்கணக்கில் மாற்றுவதில்லை. அலசுகிறோம் என்று பெயர். உண்மையில் உப்பில் முக்கி எடுத்திருக்கிறோம்.

அந்த உப்பு காய்ந்து பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் தானே தண்ணீர் விடும் அல்லவா? ஊறுகாய் ஜாடியில் நடக்கிற அதே ஆஸ்மாஸிஸ்தான் பீரோ கதவிலும். பெயிண்ட் படலம் சவ்வு. உள்ளே இருக்கும் உப்பு, வெளியில் இருக்கும் ஈரத்தை அந்தச் சவ்வு வழியாக இழுக்கிறது. இழுத்த தண்ணீர் சேரச் சேரக் கொப்புளம். கொப்புளத்துக்குள் உப்புத் தண்ணீர், அடியில் இரும்பு. இவான்ஸின் சொட்டு ரெடி! கதவின் கீழ் ஓரம் மட்டும் ஏன்? தகட்டை மடக்கிய இடுக்கில் தேங்குகிற தண்ணீர் எத்தனை அலசினாலும் சரியாக வெளியே வராது. பவுடர், ஓவன், தகடு மூன்றும் நிரபராதி.

இதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஏழாவது டேங்க் விடவில்லை.

டெஸ்ட் டியூபைப் பிடித்தபோதுதான் அண்ணன் கையைப் பக்கத்தில் பார்த்தேன். விரல் முட்டிகளில், நகத்தை ஒட்டி, பஞ்சிங் மெஷினில் குத்தின மாதிரி வட்ட வட்டமாகக் குழிந்த தழும்புகள். "ஆசிட் பட்டதாண்ணே?" என்றேன். "இல்ல தம்பி. இதுக்கு முன்னாடி ஜிங்க் பிளேட்டிங் பட்டறையில மஞ்ச பாஸிவேஷன் டேங்க்ல எட்டு வருசம் இருந்தேன். அதுல வந்தது. வலியே இருக்காது, குழி மட்டும் விழுந்துக்கிட்டே போகும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அந்த மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், முதலில் துத்தநாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் 'தகரக் கொட்டகை' என்கிறோம். அதில் தகரம் இல்லவே இல்லை! தகரம் என்றால் டின். கூரை ஷீட்டில் இருப்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இரும்பின் எலக்ட்ரோடு பொட்டென்ஷியல் மைனஸ் 0.44 வோல்ட், ஜிங்க் மைனஸ் 0.76, டின் மைனஸ் 0.14. ஜிங்க் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால், இரும்புக்கு முன்னால் ஜிங்க் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். டின் பூசிய எண்ணெய் டின்னில் வெளிப்பக்கம் கீறல் விழுந்தால், இரும்பு முந்திக்கொண்டு கரையும். அதனால்தான் நசுங்கிய எண்ணெய் டின் அவ்வளவு சீக்கிரம் ஓட்டை விழுகிறது. 1837ல் பிரான்ஸில் சொரேல் என்பவர் காப்புரிமை வாங்கிய ஜிங்க் பூச்சு முறைதான் இன்றைக்கும் ஜி.ஐ. ஷீட்டாக வருகிறது. சுமார் 450 டிகிரி சென்டிகிரேடில் உருகிய ஜிங்கில் தகட்டை முக்கி எடுக்கிறார்கள்.

ஷீட் வாங்கும்போது 'ஜி.எஸ்.எம். எவ்வளவு' என்று கேளுங்கள். நம் ஐ.எஸ். 277 தரத்தில் 275, 120 என்றெல்லாம் கிரேடு உண்டு. அது ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை கிராம் ஜிங்க் என்ற கணக்கு. ஜிங்கின் அடர்த்தி 7.14. கணக்குப் போட்டால் 275க்கு ஒரு பக்கம் 19 மைக்ரான், 120க்கு 8 மைக்ரான் சொச்சம்தான். கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான், வெல கம்மி' என்றால், பாதிக்கும் குறைந்த ஆயுளைத் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

ஆனால் ஜிங்குக்கும் ஒரு பலவீனம். காற்றோட்டம் இருந்தால் அதன் மேல் ஜிங்க் கார்பனேட் படலம் உருவாகி அரிப்பை மெதுவாக்கிவிடும். அதற்குக் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வேண்டும். புது ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையில் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டால், காற்று போக வழியில்லை. சில நாளிலேயே சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளைத் துரு. இதைத் தடுக்கத்தான் பாஸிவேஷன். 1936ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறைப்படி, சோடியம் டைகுரோமேட்டும் கொஞ்சம் கந்தக ஆசிட்டும் கலந்த கரைசலில் ஜிங்க்கைச் சில விநாடிகள் முக்கினால் போதும். எண்ணெய்ப் படலம் போல வானவில் அடிக்கும் மஞ்சள் பூச்சு. பழைய சைக்கிள், மோட்டார் பைக் போல்ட் நட்டுகளில் பார்த்திருப்பீர்கள்.

அது வெறும் பூச்சு இல்லை. கீறினால் தானே ஆறும்! படலத்துக்குள் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம், அதாவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், கொஞ்சம் ஒட்டாமல் மிச்சம் இருக்கும். கீறல் விழுந்து ஈரம் பட்டால் அது கரைந்து கீறலுக்கு ஓடிப்போய், அங்கே ஜிங்கோடு வினைபுரிந்து மூன்று இணைதிறன் குரோமியமாக மாறி அடைத்துக்கொள்ளும். இப்படி ஒரு சாமானை வேறு யாரும் கண்டுபிடிக்காததால்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் அது ராஜாவாக இருந்தது.

ஆனால் கரைந்து ஓடும் அந்த ஆறு இணைதிறன் குரோமியம் கீறலை மட்டும் தேடிப் போவதில்லை. தோலுக்குள்ளும் போகும், மூச்சோடு நுரையீரலுக்கும் போகும். அண்ணன் கையில் இருந்த மாதிரி குரோம் புண்களை கிளாஸ்கோவில் கம்மின் என்ற டாக்டர் 1827லேயே எழுதி வைத்திருக்கிறார். ஆசிட் ஆவியோடு மூக்கில் ஏறினால் மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகும். மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990ல் முதல் வரிசையில் சேர்த்தது. நம் ஊர்க் கதையும் இருக்கிறது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமேட் உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். வெட்டவெளியில் மலையாகக் குவிந்து, மழை பெய்யும்போதெல்லாம் கரைந்து நிலத்தடி நீரில் மஞ்சளாக இறங்கியது. போல்ட்டில் பார்க்கும் அதே மஞ்சள்தான்.

ஐரோப்பாவில் மின்னணுச் சாமான்களில் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு 2006 ஜூலை முதல் தடை வந்தது. கார்களுக்கு அடுத்த வருஷம். அங்கே சாமான் அனுப்புகிற நம் ஊர் கம்பெனிகளும் மாற வேண்டியதாயிற்று. மூன்று இணைதிறன் குரோமியம், டைட்டானியம், சிர்கோனியம், சிலேன் என்று பல மாற்றுகள் வந்திருக்கின்றன. அவற்றைப் போட்ட படலம் பெரும்பாலும் நிறமே இல்லாமல் அல்லது லேசான நீலமாக இருக்கும். பழைய மஞ்சள் அளவுக்கு அவை தானே ஆறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் சுத்தம் செய்வதிலும் அலசுவதிலும் முன்னைவிட ஒழுங்கு தேவை. குரோமேட் பல தப்புகளை மூடி மறைத்துக் காப்பாற்றியது, புதியவை காட்டிக்கொடுத்துவிடும். காரைக்குடியில் இருக்கும் 'சிக்ரி' ஆய்வகம் 1953ல் திறந்த காலத்தில் இருந்து இந்த அரிமானப் பிரச்னையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மண்டபத்தில் கடற்காற்றில் தகடுகளை நிறுத்தி வைத்துச் சோதிப்பதும் உண்டு. ஐ.வி. போக இடம் தேடும் செகரட்டரி கவனிக்கவும்!

பட்டறையின் ஏழாவது டேங்கில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கேனில் லேபிள் கிழிந்திருந்தது. 'பாஸிவேஷன் கெமிக்கல்', அவ்வளவுதான். நம் கெமிஸ்ட்ரி சாரிடம் கேட்டேன். டைபீனைல் கார்பஸைடு கரைசல் கொடுத்தார். டேங்க் தண்ணீரில் சில சொட்டு எடுத்து, கொஞ்சம் ஆசிட் சேர்த்து, இதை விட்டேன். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் சிவப்பு கலந்த ஊதா வரும். வந்தது. நாவல்பழக் கலர்.

மறுநாள் அந்த டெஸ்ட் டியூபை அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப இதுவும் அதே சாமான்தானா?" என்றார். அங்கே இருந்ததைவிட ரொம்ப நீர்த்தது என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில்வர் நைட்ரேட் வெள்ளையைக் கண்ணால் பார்த்ததும் பவுடர்காரரைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். பெரியவரின் பீரோ கதவுகளைப் பெயிண்ட் உரித்து, மறுபடி ஏழு டேங்கிலும் போட்டோம். கடைசி அலசலுக்கு, குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேன் தண்ணீரை நானும் அண்ணனும் மக்கில் மொண்டு மொண்டு மடிப்பு இடுக்குகளில் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தோம். நாலாவது தடவைதான் வெள்ளை வருவது நின்றது. பெரியவர் காசு கொடுக்க வந்தார், முதலாளி வாங்கவில்லை. ஒரு மாதம் கழித்து சின்னதாக ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கிப் போட்டார்.

சப்ளையரிடம் பேசி ஏழாவது டேங்குக்குச் சிர்கோனியம் சரக்கு வாங்க இன்னும் நாலு மாதம் ஆனது. விலை அதிகம் என்று முதலாளி இழுத்தடித்தார். பழைய கரைசலைச் சாக்கடையில் விடாமல், சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு மூன்று இணைதிறனுக்கு இறக்கி, சுண்ணாம்பு போட்டுச் சேறாகப் படியவைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். செய்தார்கள்; நான் போய் நின்று பார்த்தேன். புதுக் கரைசலிலும் ஃபுளூரைடு இருக்கிறது, கையுறை கட்டாயம் என்று கேனிலேயே போட்டிருக்கிறது. போன வாரம் பட்டறைப் பக்கம் போயிருந்தேன். கையுறை ஜோடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வெறுங்கையோடு தகட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "போட்டா ஷீட்டு வழுக்குது தம்பி" என்றார். உள்ளங்கையில் சொரசொரப்பு வைத்த கையுறை எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷத்தில் வந்து என்னிடம் சொல்லுங்கள்.